குறி போடாத கதவு

உங்கள் போலீஸ் நிலையத்துச் சுவர்க் கடிகாரம் ரயில்வே கடிகாரத்தைவிட நான்கு நிமிடம் பிந்தி ஓடுகிறது, சார்ஜன். உள்ளே வந்ததும் அதைத்தான் முதலில் பார்த்தேன். ஏழு வருடமாக ரயிலோடு இருப்பவனுக்கு அது பழக்கம். குறை சொல்வதற்காக எழுதவில்லை.

வாயால் சொன்னால் முன்னுக்குப் பின் குழம்பிவிடும், எழுதித் தருகிறேன் என்று நான்தான் கேட்டேன். நீங்கள் காகிதமும் பேனாவும் கொடுத்து, "அவசரம் இல்லலா தம்பி. மொதல்லருந்து ஒன்னு விடாம எழுது" என்றீர்கள். என் வலது கைச் சட்டையில் வெள்ளையாக இருப்பதைப் பார்த்து, "என்னா, தோசைக் கடையிலயும் வேலை செய்றியா?" என்று கேட்டீர்கள். நானும் சிரித்தேன். இப்போது எதிரே உட்கார்ந்து செய்தித்தாள் படிக்கிறீர்கள். மேசைமேல் தொலைபேசி இருக்கிறது. வேலை செய்கிறதா என்று கேட்டேன். செய்கிறது என்றீர்கள். பெஞ்சில் என் பக்கத்தில் இருக்கும் தூக்குச்சட்டி என்னுடையது இல்லை. அதைப் பற்றிக் கடைசியில் வருகிறது.

இன்று 1978 பிப்ரவரி 12, ஞாயிற்றுக்கிழமை. என் அடையாள அட்டையில் பெயர் ஆம்புரோஸ். ஈப்போ ரயில் நிலையத்தில் வண்டிப் பரிசோதகருக்கு உதவியாள். வண்டி வந்து நின்றதும் நீளக் காம்புச் சுத்தியலால் சக்கரங்களைத் தட்டிப் பார்ப்பது எங்கள் வேலை. நல்ல சக்கரம் மணி மாதிரி ஒலிக்கும். விரிசல் விட்டது ஓட்டைப் பானை மாதிரி ஒலிக்கும். அப்புறம் கொக்கி, பிரேக், கதவுத் தாழ்ப்பாள். கோளாறு கண்ட இடத்தில் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போட வேண்டும். கதவில் குறி இருந்தால் ரயில் கார்டு வந்து அந்தக் கதவைக் கம்பி போட்டுக் கட்டிவிடுவார், யாரையும் அண்ட விடமாட்டார். குறி இல்லையென்றால் கதவு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அதை யாரும் இரண்டாம் முறை தொட்டுப் பார்ப்பதில்லை. எழுநூறு பேர் ஏறுகிற வண்டியில் எழுநூறு பேரும் ஒரு சாக்பீஸ் துண்டை நம்பித்தான் சாய்ந்து உட்காருகிறார்கள்.

நான் சொல்ல வந்தது ஞாயிறு வண்டியைப் பற்றி. வாரத்துக்கு ஒரு தடவைதான் ஓடுகிறது. காலையில் பட்டர்வொர்த்தில் புறப்பட்டு இரவு ஜொகூர் பாரு போய்ச் சேரும், வெள்ளிக்கிழமை அதே பெட்டிகள் திரும்பி வரும். அந்தப் பக்கம் பிறை ஊர்த் தொழிற்சாலைகள், இந்தப் பக்கம் ஜொகூர்த் தொழிற்சாலைகள். ரப்பர் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற பிறகு வெளியே வந்த பிள்ளைகள் பாதிப் பேர் அதில்தான் போய் வருகிறார்கள். ஈப்போவுக்குப் பன்னிரண்டு நாற்பதுக்கு வரும். ஒன்று ஐந்துக்குப் போகும்.

என் உண்மைப் பெயர் ஸ்டானிஸ்லாஸ். என் ஊர் கோலா கங்சாருக்கு உள்ளே வெள்ளைப்பாலத் தோட்டம். ஆம்புரோஸ் என் அண்ணன், இரண்டு வயது மூத்தவன். குடியுரிமை விண்ணப்பப் பாரம் பூர்த்தி செய்ய ஆட்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்த நாளில் அவன் வகுப்பில் இருந்தான். நான் அதற்குள் படிப்பை விட்டுவிட்டு ரப்பர் ஆலையில் இரவு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன், பகலில் தூங்கினேன். அவனுக்குக் குடிமகனின் நீல அட்டை வந்தது, எனக்குக் குடியுரிமை இல்லாதவனின் சிவப்பு அட்டை. அவ்வளவுதான் வித்தியாசம். எழுபதில் அண்ணன் மூன்று நாள் காய்ச்சலில் செத்தான். தோட்டத்திலேயே புதைத்தோம். அந்தச் சாவை எந்த அலுவலகத்திலும் போய் எழுதவில்லை. குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் சட்டம் வந்திருந்த நேரம் அது. பெர்மிட் கிடைக்காத சிவப்பு அட்டைக்காரர்கள் இந்தியாவுக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். புதைத்த எட்டாம் நாள் அம்மா அண்ணனுடைய நீல அட்டையையும் மூன்றாம் படிவச் சான்றிதழையும் என் கையில் கொடுத்தாள். எங்கள் இருவருக்கும் ஒரே முகம்.

அன்றிலிருந்து எனக்குப் பயம். மற்றதெல்லாம் இந்தப் பயத்திலிருந்துதான் வருகிறது, அதனால் இதைப் பொறுமையாகப் படியுங்கள். யாராவது பின்னாலிருந்து ஆம்புரோஸ் என்று கூப்பிட்டால் நான் ஒரு கணம் தாமதித்துத்தான் திரும்புவேன். அந்த ஒரு கணத்தைக் கூப்பிட்டவன் கவனித்தானா என்று நாள் முழுக்க யோசிப்பேன். தூக்கத்தில் என்ன உளறுவேனோ என்று யாரோடும் அறையில் தங்கியதில்லை. எல்ஸி என்று ஒரு பெண் இருந்தாள். மாதா கோவிலில் கல்யாண ஓலை வாசிக்க ஞானஸ்நானப் பத்திரம் கேட்பார்கள் என்பதால் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். அவள் தைப்பிங்கில் ஒரு குமாஸ்தாவைக் கட்டிக்கொண்டு போனாள். பாவசங்கீர்த்தனத்துக்கும் நான் போவதில்லை. சாமியார் எந்தப் பெயரை மன்னிப்பார் என்று தெரியவில்லை.

போன வருடம் மே மாதம், நான் மூன்றாம் பெட்டிக்கு அடியில் குனிந்திருந்தபோது மேலேயிருந்து ஒரு குரல் வந்தது. "டேய் ஸ்டானிஸ். என்னாடா, சக்கரத்துக்கு வைத்தியம் பாக்குறியா?"

தலையைத் தூக்காமல் இருந்திருக்க வேண்டும். தூக்கிவிட்டேன்.

ஜெயபாலன். தோட்டத்தில் எங்களுக்கு அடுத்த வீடு. ஜொகூரில் பலகைத் தொழிற்சாலையில் வேலை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அம்மாவைப் பார்க்க வந்துவிட்டு ஈப்போவில் ஞாயிறு வண்டி ஏறித் திரும்புவான். அவனுக்கு உட்கார இடம் கிடைப்பதில்லை, அவன் தேடுவதும் இல்லை. மூன்றாம் பெட்டியின் வாசலில், நடைமேடைக்கு எதிர்ப்பக்கமாக மூடியிருக்கும் இடது கதவில் முதுகைச் சாய்த்து, பிஸ்கட் டின்னைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்காருவான். நாளாக நாளாக அது அவன் இடம் என்று ஆகிவிட்டது. மற்றவர்கள் விட்டுக்கொடுத்தார்கள்.

வந்த ஒவ்வொரு தடவையும் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். கெட்டவன் இல்லை. ஒரு வெள்ளிக் காசுகூடக் கேட்டதில்லை. சத்தமாகப் பேசுகிறவன், அவ்வளவுதான். ஒரு தடவை எங்கள் பரிசோதகர் மத்தியாஸ் அண்ணன் காதில் விழுந்துவிட்டது.

"யாருலா அது ஸ்டானிஸ்?"

"வீட்டுல கூப்புடுற பேருண்ணே."

"ஐசி கார்டுல ஒரு பேரு, அடுப்படியில ஒரு பேரா? பெரிய ஆளுதான்லா நீ."

அவர் கிண்டலாகச் சொன்னார். நான் தட்டிய சக்கரத்தையே மறுபடி தட்டிக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு அவன் வரும் வாரமெல்லாம் வியாழக்கிழமையே நாள் எண்ண ஆரம்பித்துவிடுவேன்.

ஆகஸ்ட் கடைசியில் அவனிடம் கெஞ்சினேன். அப்படிக் கூப்பிடாதேடா, வேலை போயிடும் என்றேன். அவன் காதைப் பிடித்துக்கொண்டு தோப்புக்கரணம் போடுவதுபோல் நடித்தான். "சரிலா மச்சான். இனிமே ஆம்புரோஸ் அண்ணேதான்." உடனே நடைமேடை முழுக்கக் கேட்கும்படி, "ஆம்புரோஸ் அண்ணே, ஆம்புரோஸ் அண்ணே" என்று ராகம் போட்டான். சுமை தூக்குபவர்கள் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். வண்டி நகரும்போது எட்டிப் பார்த்து, "அடுத்த தடவ வாரப்ப ஒனக்கு ஒன்னு காட்டுறேன். பாத்தின்னா நீயே சிரிப்பே" என்றான்.

காட்டுகிறேன் என்றால் என்ன. பழைய பள்ளிக்கூடப் படமா. என் சிவப்பு அட்டை எண்ணை எழுதிய காகிதமா. இரண்டு வாரம் யோசித்தேன். சீருடை போட்ட யாராவது நிலையத்துக்குள் வந்தால் முதலில் அவர் காலணியைப் பார்ப்பேன், அது என் பக்கம் திரும்புகிறதா என்று.

"கோப்பி ஓ குடிக்கிறியா?" என்று இப்போது கேட்டீர்கள். நன்றி. கடுங்கோப்பியில் கொஞ்சம் சீனி தூக்கல். உங்கள் கடிகாரத்தில் ஒன்று நாற்பத்தெட்டு.

செப்டம்பரில் அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் பெட்டியின் இடது கதவைப் பார்க்க எனக்குத்தான் முறை. வெளிப்பக்கம் திறக்கும் பழைய மரக்கதவு. கட்டைவிரலால் அழுத்தினேன். தாழ்ப்பாளின் நாக்கு தேய்ந்து நகத்தளவுகூட இல்லை. சும்மா நிற்கும்போது கதவு பிடித்துக்கொள்ளும். தாப்பா ரோட்டைத் தாண்டியதும் ஆற்றுப் பாலத்துக்கு முன்னால் வண்டி வலப்பக்கம் வளைகிறது, உள்ளே இருக்கிறவர்கள் எல்லாரும் இடப்பக்கம் சாய்வார்கள். அங்கே பிடிக்காது. இது யோசித்துக் கண்டுபிடித்தது இல்லை. வேலை தெரிந்த எவனுக்கும் தெரியும்.

சாக்பீஸ் கையில் இருந்தது. ஒரு பெருக்கல் குறிக்கு இரண்டு இழுப்பு. நான் யாரையும் தள்ளவில்லை. தாழ்ப்பாளைத் தேய்த்ததும் நான் இல்லை. அந்த இரண்டு இழுப்பை மட்டும் இழுக்கவில்லை.

ஜெயபாலன் வந்தான். டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தான். "மச்சான், இங்க வா. காட்டுறேன்னு சொன்னேன்ல" என்று சட்டைப் பைக்குள் கைவிட்டான்.

"வேலை இருக்குலா. திரும்பி வாரப்ப பாக்கலாம்" என்றேன். கார்டு விசில் ஊதினார்.

மூன்று மணிக்குத் தகவல் வந்தது, வளைவில் ஒரு பயணி விழுந்துவிட்டார் என்று. ஈப்போவில் டிக்கெட் எடுத்த ஆள் என்பதால், முகம் தெரிந்த யாரையாவது அனுப்பச் சொன்னார்கள். மத்தியாஸ் அண்ணன் என்னை அனுப்பினார். தாப்பா மருத்துவமனையின் பின்கட்டில் துணியை விலக்கிக் காட்டினார்கள். சட்டைப் பையில் இருந்த அட்டையையும் காட்டினார்கள். நீல அட்டை. ஜெயபாலனின் படம். பெயர் சன்னாசி.

சன்னாசி அவனுடைய பெரியப்பா மகன். பழைய ரப்பர் மரங்களைச் சாய்க்கும்போது மரத்தடியில் சிக்கிச் செத்தவன்.

காட்டுகிறேன் என்று அவன் சொன்னது இதைத்தான். நீ மட்டும் இல்லடா, நானும்தான் என்று சொல்ல வந்திருக்கிறான். பார்த்தால் நீயே சிரிப்பே என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. இருமலாக மாற்றிக்கொண்டேன்.

இவரைத் தெரியுமா என்று கேட்டார்கள். தெரியாது என்றேன். தெரியும் என்றால் எப்படி என்று கேட்பார்கள், எந்தத் தோட்டம் என்று கேட்பார்கள். புத்தகத்தில் ஆம்புரோஸ் என்று கையெழுத்துப் போட்டேன். பயணி தானே கதவைத் திறந்திருக்கிறார் என்று எழுதி விசாரணையை முடித்தார்கள். அட்டையில் இருந்த விலாசத்தில் இப்போது வீடு இல்லை, செம்பனை மரம்தான் நிற்கிறது. உறவு என்று யாரும் வராததால் அவனைச் சன்னாசி என்ற பெயரிலேயே பொது இடுகாட்டில் புதைத்தார்கள். என்னிடம் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். கேட்காததைச் சொல்லவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, வண்டி ஜொகூரிலிருந்து வந்து நின்ற நேரம், நடைமேடையில் அவன் அம்மா கருப்பம்மாள் நின்றாள். ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. இவளும் அந்தப் பெயரைச் சொல்லப் போகிறாள் என்று காத்திருந்தேன்.

"ஆம்புரோஸ் தம்பி" என்று கூப்பிட்டாள், சத்தமாக. கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினாள். "பயப்படாதய்யா. ஒம் பழைய பேரு என் வாயில வராது. எம் மவனும் அப்பிடித்தானே வேலை செய்றான். தோட்டத்துல பாதிப் பேரு அப்பிடித்தான். ஒருத்தர ஒருத்தர் காட்டிக் குடுப்பமா?"

ஏழு வருடம் நான் யாருக்கும் தெரியக்கூடாது என்று பயந்தது எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. எல்லாரும் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். அவனுக்கும் தெரிந்திருக்கும். அடுப்படி வரை தெரிந்த விஷயம் என்பதால்தான் அவ்வளவு சத்தமாக விளையாடியிருக்கிறான்.

அதோடு பயம் போயிருக்க வேண்டும். போகவில்லை, இடம் மாறிக்கொண்டது.

"ஒரு மாசமா வரலய்யா. காயிதமும் இல்ல. நீ பாத்தியா?"

"ஓவர்டைமா இருக்கும் பெரியம்மா. அடுத்த வாரம் வந்துருவான்" என்றேன்.

அந்த அடுத்த வாரம் நான்கு மாதத்துக்கு மேல் ஓடியது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பஸ் ஏறி வந்தாள், தூக்குச்சட்டியில் சோறும் கருவாட்டுக் குழம்பும் கொண்டு வந்தாள். அவன் இறங்கவில்லை என்றதும், "வீணாப் போவ வேணாம், நீ சாப்புடு" என்று என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். நான் சாப்பிட்டேன். நன்றாகச் சமைப்பாள். மழையில் நனைந்து வந்தால் பெஞ்சில் உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுப்பேன். நிலையத்தில் கேட்டுப் பாருங்கள், அவளுக்கு என்னைவிட உதவி செய்தவன் யாரும் இல்லை என்று சொல்வார்கள்.

"முடிஞ்சிருச்சா?" என்று கேட்டீர்கள். இன்னும் ஒரு பக்கம் சார்ஜன் என்றேன். "எழுது எழுது. நான் எங்க போவப் போறேன்" என்றீர்கள். உங்கள் கடிகாரத்தில் இரண்டு ஐந்து.

இன்றைய வண்டிக்கு வருகிறேன். சீனப் பெருநாள் விடுமுறை முடிந்து தொழிற்சாலைகள் நாளைக்குத் திறக்கின்றன, அதனால் வண்டியில் நிற்கக்கூட இடம் இல்லை. பன்னிரண்டே முக்காலுக்கு ஐந்தாம் பெட்டிக்குள் ஏறி இடது கதவைப் பார்த்தேன். அதுவும் அதே காலத்துப் பெட்டி, அதே மாதிரித் தாழ்ப்பாள், அதே மாதிரித் தேய்ந்திருந்தது. குறி போட்டேன். இதை நீங்கள் அடிக்கோடிட்டு வைக்க வேண்டும். என் கையால், இரண்டு இழுப்பும் அழுத்தமாக, குறி போட்டேன். கார்டு முன்பெட்டியில் இருந்தார், இன்னும் வந்து பார்க்கவில்லை.

அப்போது கருப்பம்மாள் பெட்டிக்குள் ஏறி வந்தாள். ஞாயிற்றுக்கிழமை வருகிறவள் இல்லை. கையில் தூக்குச்சட்டி, இடுப்பில் ஒரு பிஸ்கட் டின், முந்தானையில் முடிந்த டிக்கெட்.

"ஜொகூருக்குப் போறேன் தம்பி. பக்கத்துத் தோட்டத்து ஆளு ஒருத்தரு அட்ரஸ் எழுதிக் குடுத்தாரு. சன்னாசின்னு கேட்டா விடுதியில காட்டுவாங்களாம்."

"இந்தக் கூட்டத்துலயா பெரியம்மா? அடுத்த வாரம் போலாம்."

"நீ எத்தன அடுத்த வாரம் சொல்லிட்டே." கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். "பாத்துட்டு வந்துருறேன்யா. முறுக்கு சுட்டு வச்சிருக்கேன் அவனுக்கு."

விடுதியில் சன்னாசி என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள். செப்டம்பரிலேயே ரயிலிலிருந்து விழுந்து செத்துப்போனாரே, தெரியாதா என்பார்கள். உடம்பை யார் பார்த்தது என்று அவள் கேட்பாள். புத்தகத்தைத் திறந்தால் ஆம்புரோஸ் என்று என் கையெழுத்து இருக்கும். அடுத்த வீட்டுப் பிள்ளையைத் தெரியாது என்று எதற்குச் சொன்னாய் என்பதற்கு என்னிடம் ஒரே ஒரு பதில்தான் இருக்கிறது. இந்தக் கணக்கெல்லாம் அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து டிக்கெட்டைக் காட்டி முடிப்பதற்குள் என் தலையில் ஓடிவிட்டது. அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னாய்யா, காய்ச்சலா?" என்று என் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

வலது கைச் சட்டையால் ஒரு தடவை துடைத்தேன். சாக்பீஸ் லேசில் போகாது, மறுபடி ஒரு தடவை அழுத்தித் துடைத்தேன். நீங்கள் பார்த்த வெள்ளை அதுதான்.

"பெரியம்மா, உள்ள மூச்சு முட்டும். இங்க உக்காருங்க, காத்து வரும்" என்றேன். டின்னை வாங்கிக் கவிழ்த்துப் போட்டேன். உள்ளே முறுக்கு நொறுங்கும் சத்தம் கேட்டது. அவள் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு காலை நீட்டினாள். "நீ நல்லா இருக்கணும் சாமி" என்றாள். நான் இறங்கப் போகும்போது தூக்குச்சட்டியை என்னிடம் நீட்டினாள். "சூடா இருக்கு, சாப்புடு."

ஒன்று ஐந்துக்கு வண்டி போனது. போன தடவை மூன்று மணிவரை விளக்கு அறையில் தனியாக உட்கார்ந்திருந்தேன். அந்த மாதிரி இன்னொரு தடவை என்னால் உட்கார முடியாது. பயமாக இருந்தது. அதனால் நேரே இங்கே வந்தேன். யாரும் என்னைப் பிடித்துக்கொண்டு வரவில்லை.

தாப்பா ரோட்டில் வண்டி இரண்டு பன்னிரண்டுக்கு நின்று இரண்டு பதினாறுக்குப் புறப்படும். அங்கே நிலைய அதிகாரியிடம் தொலைபேசி இருக்கிறது. அங்கிருந்து வளைவுக்குப் பதினான்கு நிமிடம். உங்கள் கடிகாரத்தில் இப்போது இரண்டு இருபத்தாறு. அது நான்கு நிமிடம் பிந்தி ஓடுகிறது என்பதை முதல் வரியிலேயே எழுதியிருக்கிறேன்.

ஒன்றும் விடாமல் முதலிலிருந்து எழுதச் சொன்னீர்கள், எழுதிவிட்டேன். சமயத்துக்குள் வந்து சொன்னவன் நான். நான் உள்ளே வந்த நேரம் ஒன்று இருபது என்று உங்கள் புத்தகத்தில் பதிந்திருக்கிறீர்கள். அதை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.